தண்ணீரில் பேரில்லாத வீடு

அந்தக் கடலில் யாரும் தப்புப் பண்ணாத இடத்துக்குப் பேரே கிடையாது. ஸ்ஃபாக்ஸ் பட்டணத்திலிருந்து பெரிய படகில் வந்து இறங்குகிறவர்களுக்கு இது தெரியாது. அவர்கள் கண்ணுக்குக் கெர்கென்னாத் தீவுகளைச் சுற்றிக் கிடப்பது வெறும் தண்ணீர்தான். இடுப்பளவு, முழங்காலளவு என்று மைல் கணக்கில் வெளுத்துக் கிடக்கும் தண்ணீர். உலேத் மன்சூர் ஊர்க்காரன் எவனையாவது பிடித்து எதிர்த்தீவுக்கு வழி கேட்டுப் பாருங்கள். "சாலிஹ் தட்டுன மேட்டத் தாண்டு. அப்புறம் தூங்குன முராது திட்டு வரும், அத எடக்கைப் பக்கம் விட்டுரு. ரெண்டு பொண்டாட்டிக்காரன் மணலுக்கும் தாவூ ரெண்டுக்கும் நடுவுல பூந்து போ" என்பான். எல்லாம் படகு தரை தட்டிய இடங்கள். எல்லாம் தட்டியவன் பேர்.

ஊர் முறை அப்படி. படகு தரை தட்டினால், தட்டியவனே அந்த வாரத்துக்குள் ஒரு பேரீச்ச மட்டையை எடுத்துக்கொண்டு போய் அதே இடத்தில் தன் கையால் ஊன்ற வேண்டும். ஊன்றிவிட்டுத் தகப்பன் பேரோடு தன் பேரையும் சேர்த்து மூன்று தரம் சத்தமாகக் கூவ வேண்டும். கூவுவதைக் கேட்கச் சாட்சிக்கு ஒரு படகாவது பக்கத்தில் இருக்க வேண்டும். சாட்சிப் படகில் சிரிப்பார்கள். கரைக்கு வந்ததும் பெண்டுகள் சிரிப்பார்கள். ஒரு வாரம் ஊரே சிரிக்கும். சிரித்து முடித்ததும் அந்த இடத்தை எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்வார்கள்.

இந்த முறையில் ஆகப் பெரிய பணக்காரன் தாவூ. அவனுக்கு மூன்று மட்டை. தாவூ ஒன்று, தாவூ இரண்டு, தாவூ மூன்று. மூன்றாவதில் தட்டியபோது அவன் கண் தண்ணீரில் இல்லை, கரையில் ஒரு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்மேல் இருந்தது. அந்தப் பெண்ணையே கட்டிக்கொண்டான். "எம் பொண்டாட்டிக்கு நான் போட்ட சீதனம் அந்தத் திட்டு" என்று சொல்லிக்கொண்டு திரிவான். நல்ல மனுஷன், வாய்தான் ஓயாது.

தண்ணீரில் பேரே இல்லாத வீடு ஊரில் ஒன்றுதான் இருந்தது. அது கமீஸின் வீடு. அவன் அப்பா தீஜானி நாற்பத்தைந்து வருஷம் படகு ஓட்டியவர். ஒரு நாளும் தட்டியதில்லை. "எம் பேரு வீட்டுல இருக்கும், பள்ளிவாசல்ல இருக்கும், கல்லறையில இருக்கும். தண்ணியில இருக்காது" என்பார். ஆழம் பார்க்கிற தள்ளுகோலைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பதுகூட அவருக்குப் பிடிக்காது. அது பயந்தவன் வேலையாம். அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆயிற்று. கமீஸுக்கு இப்போது நாற்பத்தெட்டு. ஊரில் கடலைப் பற்றி எந்த வழக்கு வந்தாலும், "கமீஸக் கேளு, அவன் சொன்னா கடலே ஒத்துக்கும்" என்பார்கள். அப்படிச் சொல்லும்போது அவன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வான். உள்ளுக்குள் இனிக்கும்.

அந்தக் கமீஸ்தான் பத்து நாள் முந்தி தரை தட்டினான்.

ஐப்பசி பிறக்கிற சமயம். எட்டுக்கால் பேய்க்கணவாய் பிடிக்கிற பருவம் தொடங்கி ஒரு வாரம். வடகிழக்குக் காற்று மூன்று நாள் கடலைப் போட்டுப் புரட்டிவிட்டு அப்போதுதான் கொஞ்சம் தணிந்திருந்தது. கமீஸ் தனியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தான். மேற்கே ஓர் ஓடை உண்டு, கடலுக்குள் ஓடுகிற ஆழமான வழி. சுற்று வழியில் போனால் அரை நாள் ஆகிற தூரத்தை அது இரண்டு மணி நேரமாக்கிவிடும். அதில் போக்குவரத்து வைத்திருந்தது இவன் குடும்பம் மட்டும்தான். யாரும் அங்கே தட்டியதில்லை, அதனால் அதற்குப் பேரும் இல்லை. பேரில்லாத ஓடை என்பார்கள். ஓடை வாயைக் கடக்கும்போது கிழக்கு ஓரத்தை ஒட்டியே போக வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். ஏன் என்று சின்ன வயதில் கேட்டான். "சொன்னதச் செய்" என்றார். அவ்வளவுதான் பதில்.

முப்பது வருஷம் சொன்னதைச் செய்தான். அன்றைக்குக் காற்று கிழக்கே தள்ளவிடாமல் முகத்தில் அடித்தது. நடு ஓடை கறுத்து, ஆழமாக, வா வா என்று கிடந்தது. அந்தக் கடலில் வெளுப்பு மணல், கறுப்பு ஆழம், குழந்தைக்கும் தெரியும். கமீஸ் நடுவில் விட்டான். கறுப்பாகத் தெரிந்தது ஆழம் இல்லை. புயல் பிடுங்கிப்போட்ட செத்த கடல்புல், ஒரு மேட்டின் மேல் மெத்தை மெத்தையாகப் படிந்து கிடந்தது. படகு அதில் ஏறி, முனகி, நின்றுவிட்டது. கடல் வற்றுகிற நேரம். தண்ணீர் அவனை விட்டுவிட்டுப் போயிற்று.

ஆறு மணி நேரம் அந்த மேட்டில் உட்கார்ந்திருந்தான். திரும்ப ஏற்றம் வந்தபோது காற்றும் கூடவே வந்து, அலை மேட்டில் உடைந்து படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. சுக்கான் அடியோடு பிளந்தது. எப்படியோ மிதந்து வெளியே வந்தான். சுற்றிலும் பார்த்தான். ஒரு பாய்கூடக் கண்ணில் படவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் அவனுக்குச் சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷம்தான் பத்து நாளாக அவன் நெஞ்சில் முள்ளாக நின்றது.

"கட்ட ஒண்ணு மிதந்து வந்து சுக்கான்ல இடிச்சுடுச்சு" என்று கரையில் சொன்னான். ஊர் நம்பியது. கமீஸ் சொன்னால் கடலே ஒத்துக்கொள்ளும் அல்லவா?

வீட்டுப் பின்னால் அத்திமரத்து நிழலில் உட்கார்ந்து அந்தச் சுக்கானுக்குப் புதுப் பலகை இழைத்துக்கொண்டிருந்தான். கொடியில் பேய்க்கணவாய்கள் காலை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. அப்போதுதான் தாவூ வந்தான். தாவூ, கமீஸின் மனைவி ஷெத்லியாவுக்கு அண்ணன்.

"என்ன மச்சான், இன்னும் இந்தச் சுக்கானுக்கு வைத்தியம் முடியலியா?"

"முடிஞ்சிரும்."

"அந்தக் கட்டைக்கும் ஆளு தெரியல பாரு. எம் படகுன்னா உரிமையோட வந்து இடிச்சிருக்கலாம். ஊருல ஒருத்தனும் ஏன்னு கேக்க மாட்டான்."

கமீஸ் இழைப்புளியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஷெத்லியா அண்ணன் மகள் கல்யாண வீட்டில் குஸ்குஸ் உருட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள், கையெல்லாம் ரவை. அடுப்பில் பச்சைத் தேயிலையைக் கருக்கக் கொதிக்க வைத்து, சர்க்கரையை அள்ளிப் போட்டுச் சின்னக் கண்ணாடிக் குவளையில் கொண்டுவந்து வைத்தாள்.

"குடி அண்ணே. பொண்ணு சாப்பிட்டாளா?"

"எங்க சாப்பிடுறா? அழுறா, சிரிக்கிறா, மறுபடி அழுறா. அவ அம்மா இருந்தா இப்புடித்தான் கூட உக்காந்து அழுதிருப்பா. நீ வந்து ஒரு அதட்டு போடு, உனக்குத்தான் அடங்குவா."

ரபிஹா தாவூவின் ஒரே மகள். அவளுக்கு மூன்று மாதமாகும்போது தாய் காய்ச்சலில் போய்விட்டாள். அப்புறம் அவளைக் குளிப்பாட்டியது, தலைவாரியது, குர்ஆன் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனது எல்லாம் அத்தை ஷெத்லியா. ஷெத்லியாவுக்குப் பிள்ளை இல்லை. ரபிஹாதான் அந்த வீட்டுக்குப் பிள்ளை.

தாவூ தேநீரை ஓசை வர உறிஞ்சினான். "நான் வந்த விசயம் கேளு மச்சான். நாளைக்குக் காலையில எதிர்த்தீவுல பொண்ண எறக்கணும். மாப்பிள்ள வீட்டுக்காரங்க மத்தியான லுஹர் தொழுகைக்கு முன்னாடி வந்துரணும்னு சொல்லி விட்டிருக்காங்க. விடியும்போது தண்ணி நெறஞ்சு நிக்கும். ஆனா பொம்பளைங்க கெளம்பி, பெட்டி ஏத்தி, மேளத்த மறந்துட்டேன்னு ஒருத்தி எறங்கி ஓடி... நாம பொறப்படும்போது வத்தம் ஆரம்பிச்சிரும். சுத்து வழியில போனா நடுக்கடல்ல நிக்க வேண்டியதுதான். பதினாலு பொம்பளைங்க, ரெண்டு பெட்டி, ஆறு மெத்த. எல்லாத்தையும் சுமந்துக்கிட்டு நான் தாவூ நாலு போட்டேன்னு வையி, மாப்பிள்ள வீட்டுல பொண்ணத் திருப்பி அனுப்பிருவாங்க."

"ஆமா" என்றான் கமீஸ்.

"அதான், உங்க பேரில்லாத ஓடை வழியா விடலாமான்னு கேக்க வந்தேன். புயலுக்கு அப்புறம் நீ ஒருத்தந்தானே அதுல வந்த. எப்புடி இருக்கு வழி?"

இழைப்புளி நின்றது. கமீஸ் அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. வாயில் வந்துவிட்டது. பக்கத்தில் ஷெத்லியா இருந்தாள், எதிரில் ஊரிலேயே பெரிய வாய் இருந்தது, தலைக்கு மேலே செத்துப்போன தீஜானி இருந்தார்.

"போலாம்" என்றான்.

"அப்பாடா! அல்லா உனக்கு நீண்ட ஆயுசு குடுக்கட்டும்."

"கிழக்கு ஓரமா ஒட்டிப் போ."

"ஏன்?"

"எங்கப்பா அப்புடித்தான் போவாரு."

தாவூ விழுந்து விழுந்து சிரித்தான். "உங்கப்பா தாடி சீவுறதுக்கே கிழக்கப் பாத்துதான் உக்காருவாரு. சரி சரி, காத்து விட்டா போறேன்."

"கோல் போட்டு ஆழம் பாத்துக்கிட்டே போ தாவூ."

"எதுக்கு? கமீஸ் சொன்ன வழியில கோலு போட்டுப் பாத்தான்னு ஊரு என்னத்தான் சிரிக்கும்" என்று குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனான். மகள் கல்யாணத்தில் அவன் நடையே மாறியிருந்தது.

சாயங்காலம் வாற்கோதுமை ரொட்டியும், காய்ந்த பேய்க்கணவாய் போட்ட குழம்பும். கமீஸ் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டான்.

"நான் ஒண்ணும் கேக்கல" என்றாள் ஷெத்லியா.

"கேக்கலன்னா சும்மா இரு."

"சும்மாத்தான் இருக்கேன். பத்து நாளா சும்மாத்தான் இருக்கேன். கட்ட இடிச்சா பக்கத்துல ஒடையும். அடியில மணல் அரைச்ச மாதிரி தேயாது. நான் மீன்காரன் மக, மீன்காரன் தங்கச்சி, மீன்காரன் பொண்டாட்டி. எனக்குச் சுக்கானப் பாக்கத் தெரியாதா?"

கமீஸ் இன்னொரு துண்டைப் பிய்த்தான்.

"எங்கே தட்டுச்சுன்னு நான் கேக்கல. ஓடையில இல்லன்னு மட்டும் சொல்லுங்க. சொல்லிட்டா நான் போய்த் தூங்கிருவேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஷெத்லியா கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

"யா ரப்பி! அந்தப் புள்ளைக்குப் பல்லு மொளைக்கும்போது என் வெரலத்தான் கடிச்சா. அவள ஏத்தி அனுப்புற படகுக்கா நீங்க அந்த வார்த்த சொன்னீங்க?"

"எங்கப்பா பேரு..."

"உங்கப்பா போயி பதினோரு வருசம் ஆச்சு. அவருக்கு ஊரு சிரிக்கிறது கேக்காது. நீங்க போய் எங்கண்ணங்கிட்ட சொல்றீங்களா, நான் போகட்டுமா?"

"வழி பண்றேன் ஷெத்லியா. விடியிறதுக்குள்ள வழி பண்றேன். நீ வாயத் தெறக்காத."

"பொண்ணோட நானும் அதே படகுலதான் ஏறுவேன்" என்றாள் அவள். "மொனையில உக்காருவேன். நீங்க வழி பண்ணலன்னா ஓடை வாய்க்கு வரும்போது கத்திருவேன். உங்களுக்கு இருக்கிற நேரம் அதுவரைக்கும்தான்."

அவன் யோசித்து வைத்திருந்த வழி கோழையின் வழி. விடியலில் யாருக்கும் தெரியாமல் போய் மேட்டில் ஒரு மட்டையை ஊன்றிவிட்டு வந்துவிடுவது. தாவூ மட்டையைப் பார்ப்பான், விலகிப் போவான். யார் மட்டை என்று யாருக்குத் தெரியும்? ஸ்ஃபாக்ஸ்காரன் எவனோ தட்டியிருப்பான் என்பார்கள். பெண்ணும் பிழைப்பாள், பேரும் பிழைக்கும். இதை நினைத்ததும்தான் அவனுக்குத் தூக்கம் வந்தது.

கீழ்வானம் வெளுக்குமுன்னே சின்னத் தோணியில் மட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினான். தண்ணீர் நிறைந்து அசைவில்லாமல் கிடந்தது. தள்ளுகோலை ஊன்றி எடுக்கும் சத்தம் மட்டும்தான். கொஞ்ச தூரம் போனதும் கரை மறைந்துவிட்டது. வானமும் தண்ணீரும் ஒரே பால் நிறம். எது மேலே, எது கீழே என்று தெரியவில்லை. தூரத்தில் சாலிஹ் தட்டிய மட்டை தண்ணீரைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. அதைத் தாண்டியதும் தூங்கின முராது. முராது செத்து முப்பது வருஷம். மட்டையை அவன் பேரன் போன மாசம்தான் மாற்றி ஊன்றியிருந்தான், இன்னும் பச்சை இருந்தது.

கமீஸ் அன்றைக்குத்தான் அவற்றை உற்றுப் பார்த்தான். சின்ன வயதிலிருந்து அவற்றைப் பார்த்துச் சிரித்தே பழகியவன். மேற்கே திரும்பியதும் தாவூ இரண்டு வந்தது. போன வருஷம் மூடுபனியில் வழி தப்பி, இந்த மட்டை தோணியில் உரசித்தான் அவன் வீடு வந்து சேர்ந்தான். ஷெத்லியாவிடம்கூட அதைச் சொல்லவில்லை. இவர்களெல்லாம் வரிசையாக நின்றுகொண்டு தனக்கு வழி விடுவது போல இருந்தது அவனுக்கு. சாலிஹ், முராது, ரெண்டு பொண்டாட்டிக்காரன் எல்லோரும் இடுப்பளவு தண்ணீரில் நின்று, "போப்பா, பாத்துப் போ" என்கிறார்கள். அப்பா மட்டும் எங்கேயும் இல்லை. தண்ணீரில் அப்பாவைத் தேடினால் அகப்படமாட்டார். அந்த நினைப்பு அவனுக்குப் பெருமையாக வரவில்லை, தனியாக விடப்பட்ட மாதிரி வந்தது.

ஓடை வாயை அடைந்தபோது சூரியன் கிளம்பிவிட்டது. கறுப்பு அப்படியேதான் கிடந்தது, அன்றைக்குப் போலவே ஆழமாக, அழகாக. தோணிக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினான். தண்ணீர் தொடைக்கு மேலே. காலடியில் செத்த புல் மெத்தென்று அமுங்கியது.

மட்டையை ஊன்றினான். சாய்ந்தது. இன்னும் அழுத்தி ஊன்றினான். கையை எடுத்ததும் மெல்லப் படுத்துக்கொண்டது. புல்லுக்குக் கீழே சிப்பியும் மணலும் இறுகிப் பாறையாகக் கிடந்தது. இடம் மாற்றி மாற்றிப் பார்த்தான். நேரம் போய்க்கொண்டிருந்தது. வற்றம் பிடித்துத் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது. குனிந்து, புல்லை வாரி எறிந்துவிட்டுக் கையால் தோண்ட ஆரம்பித்தான். சிப்பி விரலைக் கிழித்தது. முழங்கை வரை போனதும் உருண்டையாக ஏதோ கையில் தட்டியது.

சுற்றிப் பறித்து வெளியே எடுத்தான். ஒரு மண்சாடி. பேய்க்கணவாய் வந்து ஒளிந்துகொள்ளக் கயிற்றில் வரிசையாகக் கட்டிக் கடலில் இறக்குகிற சாடி. வெளியெல்லாம் சிப்பி மொய்த்துக் கிழடு தட்டிக் கிடந்தது. எவன் சாடியோ என்றுதான் முதலில் நினைத்தான். அந்த ஊரில் சாடி ஈரமாக இருக்கும்போதே வாங்குகிறவன் கழுத்தில் மூன்று விரலை அழுத்தித் தன் அடையாளம் வைப்பான். கமீஸ் கட்டை விரலால் சிப்பியைச் சுரண்டினான். மூன்று பள்ளம் தெரிந்தது. இரண்டு முழுப் பள்ளம். ஒன்று பாதி.

தீஜானிக்கு ஆள்காட்டி விரலில் நுனி கிடையாது. வாலிபத்தில் கயிறு அறுத்துக்கொண்டு போனது.

கமீஸ் அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டான். மறுபடி கையை விட்டுத் துழாவினான். இன்னொரு சாடி. அதற்கும் அடியில் இன்னொன்று. ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. கடல் இழுத்துக்கொண்டு போன சாடி இப்படிக் கிடக்காது. படகு தட்டி, பாரம் குறைக்க ஒருவன் நின்ற இடத்திலிருந்தே எடுத்தெடுத்துப் போட்டால்தான் இப்படிக் கிடக்கும்.

ஒவ்வொரு கல்யாணத்திலும் அப்பா சொல்கிற கதை ஒன்று உண்டு. கமீஸ் பிறந்த வருஷம் பெரிய புயல் அடித்து, நீரோட்டம் அறுபது சாடியை இழுத்துக்கொண்டு போயிற்றாம். இவர் ஒற்றை ஆளாகப் பாயைப் பிடித்துக்கொண்டு படகைக் காப்பாற்றிக் கொண்டுவந்தாராம். ஊர் வாயைப் பிளந்து கேட்கும். கமீஸும் கேட்டிருக்கிறான். அந்த வருஷம் சாடி இல்லாமல் வீட்டில் பட்டினி கிடந்ததையும், அம்மா தன் வெள்ளித் தண்டையைக் கழற்றிக் கொடுத்ததையும் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறான்.

"இங்க தட்டுனியாப்பா?" என்று வாய்விட்டுக் கேட்டான். "ஏழு வயசுல ஏன்னு கேட்டேனே. ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? நான் சிரிச்சிருக்கவா போறேன்?"

அழுகை வந்தது. கோபம்தான் அதிகம். கிழக்கே போ என்று சொல்லத் தெரிந்த மனுஷன், ஏன் என்று சொல்லாமலே போய்விட்டார். அவர் மட்டை ஒன்று இங்கே நின்றிருந்தால் இவன் படகு தட்டியிருக்காது. இவன் பொய் சொல்லியிருக்க மாட்டான். ரபிஹாவின் படகு இன்றைக்கு இந்தப் பக்கம் நம்பி வராது. நேற்று தாவூவிடம் தான் சொன்னதும் அதே வார்த்தைதானே என்று அவனுக்கு உறைத்தது. கிழக்கே போ. ஏன்? எங்கப்பா அப்படித்தான். அப்பாவின்மேல் வந்த கோபம் பாதி வழியில் திரும்பி அவன்மேலேயே விழுந்தது. சாடியை மடியில் வைத்து மிச்சச் சிப்பியையும் சுரண்டி எடுத்தான்.

மேளச் சத்தம் கேட்டது.

முதலில் சத்தம்தான் வந்தது, அப்புறம்தான் படகு. வெயில் ஏறித் தண்ணீருக்கு மேல் காற்று நடுங்கிக்கொண்டிருந்ததால் தாவூவின் பாய் தலைகீழாகத் தொங்குகிற மாதிரி தெரிந்தது. சிவப்பு, மஞ்சள் என்று பெண்களின் துணிகள். காற்று வடகிழக்கு. படகு கிழக்கு ஓரம் ஒட்ட முடியாமல் நேரே நடு ஓடைக்கு வந்துகொண்டிருந்தது.

மட்டையை அப்படியே போட்டுவிட்டுத் தோணியில் ஏறி ஓடிவிட நேரம் இருந்தது. ஷெத்லியா கத்துவாள், படகு எப்படியும் தப்பிவிடும். அது அவனுக்குத் தெரியும். கமீஸ் எழுந்து நின்றான். தோண்டிய குழியில் மட்டையை இறக்கி, சுற்றிலும் அந்தச் சாடிகளையே அடைகொடுத்து, காலால் மிதித்து இறுக்கினான். மட்டை நின்றது. ஒரு சாடியை மட்டும் எடுத்து அதன் உச்சியில் கவிழ்த்தான், தூரத்திலிருந்து தெரியட்டும் என்று. அப்புறம் பக்கத்திலேயே முழங்காலளவு தண்ணீரில் நின்று இரண்டு கையையும் ஆட்டினான்.

முனையில் உட்கார்ந்திருந்த ஷெத்லியாதான் முதலில் பார்த்தாள். "அண்ணே, பாய எறக்கு! பாய எறக்கு!"

பாய் சடசடவென்று விழுந்தது. மேளம் நின்றது. இரண்டு கோல் தூரத்தில் படகு நங்கூரம் போட்டு நின்றது. பதினாலு பெண்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். கடல் நடுவில் ஒரு மனுஷன் நின்றுகொண்டிருந்தால் யார்தான் பார்க்கமாட்டார்கள்?

"யாரது, நம்ம கமீஸா?" என்று ஒருத்தி கத்தினாள். "கல்யாணத்துக்கு நடந்தே கெளம்பிட்டாரா?"

"மச்சான்!" என்றான் தாவூ. "அங்க என்ன பண்ற?"

"தட்டிட்டேன்."

"எத? தோணியையா? தோணி மிதக்குதே."

"இப்ப இல்ல. பத்து நாளைக்கு முன்னாடி. இதே மேட்டுல. கட்ட ஒண்ணும் இடிக்கல, நான் பொய் சொன்னேன். நேத்து உங்கிட்ட வழி இருக்குன்னு சொன்னதும் பொய். கறுப்பாத் தெரியிறது ஆழம் இல்ல, செத்த புல்லு. கீழ சிப்பிப் பாறை."

பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். அப்புறம் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், படகே சிரிப்பில் ஆடியது. "தண்ணியில பேரில்லாத வீட்டுக்காரரு தண்ணியிலயே நிக்கிறாரு பாருங்கடி!" கமீஸ் நின்று கேட்டுக்கொண்டான். இத்தனை வருஷம் பயந்தது இதற்குத்தான். வெயிலில் நனைந்த சட்டை உடம்பில் காய்வதுபோல அது அவன்மேல் காய்ந்தது. செத்துப்போகவில்லை.

தாவூ மட்டும் சிரிக்கவில்லை. அவன் மகளைப் பார்த்தான், மெத்தைகளைப் பார்த்தான், கறுப்புத் தண்ணீரைப் பார்த்தான். முகம் வெளிறியிருந்தது. "எம் புள்ள இதுல இருக்கா மச்சான்" என்றான் மெதுவாக.

"தெரியும். அதான் நிக்கிறேன். என்னைய மன்னிச்சிரு."

தாவூ துப்பட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு தள்ளுகோலை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தான். "சரி, சாட்சிக்குப் படகு இருக்கு. முறையைச் செய். பேரு?"

ஷெத்லியா மட்டையின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாடியின் கழுத்தில் அந்தப் பாதிப் பள்ளம் அவளுக்கும் தெரிந்தது. மாமனாருக்குப் பதினைந்து வருஷம் சோறு பரிமாறியவள். அந்தக் கையை அறியாதவளா? அவள் கண் கமீஸிடம் வந்தது. அவன் ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

கமீஸ் மூச்சை இழுத்தான். முறைப்படி தகப்பன் பேர் முதலில் வர வேண்டும்.

"தீஜானி மகன் கமீஸ்!"

முதல் தரம் குரல் உடைந்தது. இரண்டாம் தரம் கூவும்போது சிரிப்பு அடங்கிவிட்டது. மூன்றாம் தரம் அவன் கூவிய பேர் தட்டையான தண்ணீர்மேல் நெடுந்தூரம் ஓடியது. நாற்பத்தெட்டு வருஷம் பிந்தி அப்பாவும் அவனோடு சேர்ந்து அங்கே நின்றார். கமீஸுக்கு அவர்மேல் கோபம் இல்லாமல் போயிற்று.

முகத்திரையை விலக்கிவிட்டு ரபிஹா எழுந்து நின்றாள். மணப்பெண் பேசக்கூடாது என்று பக்கத்திலிருந்தவள் முந்தானையை இழுத்தாள். அவள் பேசவில்லை. நாக்கைச் சுழற்றி ஒரு குலவை விட்டாள். மற்ற பதிமூன்று பேரும் சேர்ந்துகொண்டார்கள். மேளம் மறுபடி தொடங்கியது.

தாவூ கோலைப் போட்டு ஆழம் பார்த்துக்கொண்டே, கிழக்கு ஓரமாகப் படகைத் தள்ளிக்கொண்டு போனான். கமீஸின் தோணியைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டார்கள்.

லுஹர் தொழுகைக்கு அழைக்கும்போது எதிர்த்தீவில் இறங்கியாயிற்று. மாப்பிள்ளை வீட்டில் பெரிய மரத் தாம்பாளங்களில் குஸ்குஸ், மேலே மீனும் பூசணியும், பக்கத்தில் ஒரு கிண்ணம் மிளகாய் விழுது. கமீஸ் ஆண்கள் வரிசையில் ஓர் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டான். தாவூ இன்னும் அவனோடு பேசவில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா தாவூவின் பக்கம் சாய்ந்து கேட்டார்: "வத்தத்துல மாட்டி சாயங்காலம்தான் வருவீங்கன்னு பயந்துட்டோம். எந்த வழியா வந்தீங்க?"

தாவூ வாயில் இருந்ததை மென்று விழுங்கினான். கையால் காற்றில் ஒரு கோடு போட்டுக் காட்டினான்.

"தாவூ ரெண்டுக்கு மேற்கால திரும்புனா ஒரு ஓடை. உள்ள நுழைஞ்சதும் உச்சியில சாடி கவுத்த ஒரு மட்ட தெரியும். அதான் தீஜானி மகன் கமீஸ். அதுக்குக் கிழக்கால ஒரு கோல் தூரம் விட்டு வாங்க. கண்ண மூடிட்டு வரலாம்."

"தீஜானி மகன் கமீஸ்" என்று அந்தப் பெரியவர் உதட்டுக்குள் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டார். பக்கத்திலிருந்த இரண்டு பேரும் சொல்லிக்கொண்டார்கள்.

கமீஸின் கை தாம்பாளத்தில் நின்றுவிட்டது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், "என்ன ஆச்சு?" என்றான்.

"மொளகா விழுது காரம்" என்றான் கமீஸ்.

"பொய் சொல்றான்" என்றான் தாவூ, மிளகாய்க் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளிக்கொண்டே. "இன்னும் போட்டுக்கவே இல்ல."